அறிவியற் செல்வி ரோஸலிண்ட் பிராங்க்ளின்



நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுதல் மரபு. புலவர் பெருமக்களையும் நாட்டுத் தொண்டர்களையும் பற்றி அன்பர் பலர் சென்ற ஆண்டுகளில் சுவைபட எழுதியுள்ளனர். இவ்வாண்டு அப்பணியை மலர்க் குழுவினர் எம்மிடம் ஒப்புவித்தனர். யாம் புலவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் படிப்போடு நின்று, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடுகளோடு உறவாடி வருகின்றோம். எனினும் ஒரு விஞ்ஞானியின் வரலாற்றை, அதிலும் ஒரு பெண்மணியின் வரலாற்றை, எழுதத் துணிந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் காலனியில் ஓர் இல்லத்துப் பெண், பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று ஆராய்ச்சித் துறையில் இறங்க விரும்புகின்றாள். பெற்றோர் தயங்குகின்றனர். இரவும் பகலும் சோதனைச் சாலையில் நின்று உழைக்கும் வாழ்வு பெண்ணுக்கு எதற்கு, அப்படியே உழைத்தாலும் பலனும் பெயரும் அவளுக்கு வந்து சேருமா என்பது அவர்கள் கவலை. அத்தந்தையார் ஒரு நாள் மாலை எம் இல்லம் வந்து யோசனை கேட்டார். அன்று யாம் தக்க விடை கூற இயலாது நின்றோம். விடை தேடி நூலகத்தில் புகுந்த இடத்தில் எமக்குக் கிடைத்ததே இவ்வரலாறு.

ஒன்று இரண்டாகும் விந்தை

செல்வி ரோஸலிண்ட் பிராங்க்ளின் கண்டது யாது என்பதை உணர வேண்டுமாயின், முதலில் நம் உடலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அடுக்களையில் காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டு விடுகின்றது. சில நாட்களில் அக்காயம் ஆறிப் புதுத் தோல் மூடிக்கொள்கின்றது. அப்புதுத் தோல் எங்கிருந்து வந்தது? நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. காயத்தின் அருகிலுள்ள உயிரணு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகின்றது, அவ்விரண்டும் நான்காகின்றன. தாயின் வயிற்றில் ஒரே ஓர் உயிரணுவாகத் தொடங்கிய நாம், இவ்வாறு பிரிந்து பிரிந்தே ஆளாகியுள்ளோம்.

உயிரணுவின் நடுவே உட்கரு ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டின் வால்தர் பிளெமிங் என்னும் பேராசிரியர், சாயமேற்றிய உயிரணுக்களை நுண்பெருக்கியால் ஆராய்ந்து, பிரியும் தறுவாயில் உட்கருவினுள் நூலிழைகள் போன்றவை திரண்டு தோன்றுவதையும், ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதியாக இரு மருங்கும் செல்வதையும் 1882 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அவ்விழைகளே இன்று குரோமோசோம்கள் எனப்படுகின்றன. மனித உயிரணுவில் அவை நாற்பத்தாறு. அவற்றினுள் இருக்கும் டி. என். ஏ. என்னும் பொருளே பரம்பரைக் குணங்களைத் தாங்கும் பொருள் என்பதற்கு, அமெரிக்காவில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவர்தம் துணைவர்களும் 1944 ஆம் ஆண்டு வலிய சான்று காட்டினர்.

இங்கேதான் கேள்வி எழுந்தது. உடலை ஆக்கும் கட்டளைகள் யாவும் டி. என். ஏ.யில் எழுதப்பட்டிருக்குமாயின், உயிரணு இரண்டாகும்போது அக்கட்டளை ஏட்டுக்கும் பிழையற்ற நகல் ஒன்று வேண்டுமன்றோ? அந்நகலை எடுப்பது எவ்வாறு? ஏடு நகலெடுப்பது எளிதன்று என்பதை எம் போன்ற குமாஸ்தாக்கள் நன்கறிவர். ஒரு பக்கம் நகலெடுக்கும் முன் கண் அயர்கின்றது, கை தவறுகின்றது. குமாஸ்தாவும் இல்லாமல், மேற்பார்வையாளரும் இல்லாமல், கண்ணுக்கெட்டாத ஓர் உட்கருவினுள் இவ்வேலை எங்ஙனம் நடைபெறுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண உதவியவர்களுள் முன்னிற்பவர் நம் வரலாற்றுத் தலைவியாவார்.

பிறப்பும் கல்வியும்

ரோஸலிண்ட் 1920 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வமும் கல்வியும் நிறைந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்க்ளின் வங்கித் தொழில் செய்தவர்; மாலை வேளைகளில் தொழிலாளர் கல்லூரியில் கற்பித்தவர். அன்னையார் பெயர் முரியெல். மக்கள் ஐவரில் ரோஸலிண்ட் இரண்டாமவர். பெண் மக்களில் மூத்தவர். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்த யூத அகதிகளுக்கு இக்குடும்பம் இடமளித்து ஆதரித்தது. பள்ளியை முடிக்கும்போது ரோஸலிண்டுக்குக் கிடைத்த உதவித் தொகையைக்கூட, தகுதி வாய்ந்த அகதி மாணவர் ஒருவருக்கு அளித்துவிடுமாறு தந்தையார் கூறினார் என்பர்.

பெண்களுக்குப் பௌதிகமும் ரசாயனமும் முறையாகக் கற்பித்த பள்ளிகள் அந்நாளில் இலண்டனிலும் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான செயின்ட் பால் பெண்கள் பள்ளியில் ரோஸலிண்ட் பயின்றார். 1938 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே மேரி கியூரி அம்மையாரிடம் பயின்றவரும், பிரான்சிலிருந்து அகதியாக வந்தவருமான அட்ரியன் வெய்ல் என்னும் பெண்மணியின் நட்பும் வழிகாட்டுதலும் அவருக்குக் கிடைத்தன. 1941 ஆம் ஆண்டு இறுதித் தேர்வில் தேறினார். ஆயினும் அந்நாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கவில்லை. ஆடவரோடு ஒரே தேர்வு எழுதித் தேறினும் பெயரளவுப் பட்டமே தந்தது. அந்த வேற்றுமை 1948 ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று.

அப்போது உலகப் போர் மூண்டிருந்தது. 1942 ஆம் ஆண்டு நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ரோஸலிண்ட் பணியேற்றார். வான்வழித் தாக்குதலின்போது மக்களைக் காக்கும் தொண்டிலும் ஈடுபட்டார். நிலக்கரியைத் தள்ளித் தள்ளியே வளர்ந்தது நம் இரயில்வே. எனினும் அக்கரியினுள்ளே நுண்ணிய துளைகள் உண்டு என்றும், அத்துளைகள் சில பொருள்களை உள்ளே விட்டுச் சிலவற்றைத் தடுக்கும் சல்லடை போன்றவை என்றும் யாம் இதற்கு முன் அறிந்திலோம். அத்துளைகளை அளந்து ஆராய்ந்தே ரோஸலிண்ட் 1945 ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். வயது அப்போது இருபத்தைந்து.

பாரிஸ் தந்த கலை

1947 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரம் சென்று, ழாக் மேரிங் என்பவரின் சோதனைச் சாலையில் அமர்ந்தார். அங்கே எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை அறியும் கலையில் தேர்ந்தார். மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே படத்தை நாம் அறிவோம். இக்கலை அதனின் வேறானது. ஒரு பொருளின்மீது மெல்லிய கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள அணுக்களின் வரிசையிற் பட்டுக் கதிர் பல திசைகளிற் சிதறுகின்றது. சிதறிய கதிர் படச்சுருளில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதிகின்றது. அப்புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து, நீண்ட கணக்குகள் போட்டு, அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று உய்த்துணர வேண்டும். கதவின் சாவித் துளை வழியே விழும் நிழலைக் கொண்டு உள்ளே இருப்பவரை அறிவது போன்றது இது. பொறுமையும் கணக்கும் ஒருங்கே வேண்டும். ரோஸலிண்டிடம் இரண்டும் இருந்தன.

பாரிஸில் கழிந்த நான்கு ஆண்டுகள் அவர் வாழ்வின் இனிய ஆண்டுகள். ஆடவரும் பெண்டிரும் சமமாக அமர்ந்து உண்டு, வாதிட்டு, விடுமுறையில் மலையேறித் திரியும் சூழல் அங்கே நிலவியது. அச்சூழலை விட்டு அவர் தாயகம் திரும்பியது ஆராய்ச்சியின் பொருட்டே.

கிங்ஸ் கல்லூரியில்

1951 ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோஸலிண்ட் பணியேற்றார். தலைவர் ஜான் ராண்டல் அவருக்கு எழுதிய கடிதம், டி. என். ஏ. பற்றிய எக்ஸ்ரே ஆராய்ச்சி முழுவதும் அவர் பொறுப்பே என்று பொருள்படும் வகையில் இருந்தது. ஆனால் அதே கல்லூரியில் மாரிஸ் வில்கின்ஸ் என்பார் முன்னரே டி. என். ஏ. ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவருக்கு இக்கடிதத்தின் செய்தி தெரிவிக்கப்படவில்லை. புதிதாக வந்தவர் தமக்குத் துணை என்று அவர் எண்ணினார். தாம் தனிப் பொறுப்பாளர் என்று இவர் எண்ணினார். அலுவலகத்தில் ஒரே நாற்காலிக்கு இருவருக்கு ஆணை பிறந்தால் நிகழ்வது யாதோ அதுவே அங்கும் நிகழ்ந்தது. குற்றம் இருவர்பாலும் இல்லை. மனக்கசப்போ இருவர்க்கும் மிஞ்சியது. ஆசிரியர் கூடும் அறைகளுள் ஒன்றில் ஆடவர்க்கு மட்டுமே அனுமதி என்ற வழக்கமும், பாரிஸிலிருந்து வந்த ரோஸலிண்டின் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும்.

எனினும் வேலை நிற்கவில்லை. ரேமண்ட் காஸ்லிங் என்னும் மாணவர் துணையுடன், முடியினும் மெல்லிய டி. என். ஏ. இழைகளை நீட்டி, அவற்றைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தை அளவாகக் கூட்டியும் குறைத்தும் படமெடுத்தார். ஈரம் குறைந்தால் இழை ஒரு வகை வடிவமும், ஈரம் மிகுந்தால் வேறொரு வடிவமும் கொள்வதைக் கண்டார். இவற்றுக்கு ஏ என்றும் பி என்றும் பெயரிட்டனர். முன்னையோர் எடுத்த படங்கள் தெளிவின்றி இருந்ததற்கு, இரண்டு வடிவங்களும் கலந்து கிடந்ததே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. அரிசியையும் உமியையும் பிரித்த பின்னரே அளக்க முடியும் என்பது போல, இப்பிரிப்பே பின்வந்த கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1951 நவம்பரில் கல்லூரியில் நிகழ்ந்த கூட்டத்தில் தம் முடிவுகளை அவர் எடுத்துரைத்தார். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த இளைஞர் ஜேம்ஸ் வாட்சன் அதனைக் கேட்டார், குறிப்பேதும் எடுத்தாரில்லை. அவரும் பிரான்சிஸ் கிரிக்கும் சில நாட்களில் மூன்று இழைகள் கொண்ட ஒரு மாதிரியைக் கட்டி, கிங்ஸ் கல்லூரியினரை அழைத்துக் காட்டினர். ரோஸலிண்ட் கண்ட மாத்திரத்தில் அதன் குறையைச் சுட்டிக் காட்டினார். பாஸ்பேட் பகுதிகள் நீரை நாடுபவை. ஆதலின் அவை வெளிப்புறத்தில்தான் இருத்தல் வேண்டும். நீங்களோ நடுவில் வைத்துள்ளீர்கள் என்பது அவர் கூறியதன் கருத்து. அம்மாதிரி கைவிடப்பட்டது.

1952 மே மாதத்தில் காஸ்லிங் உதவியுடன் எடுக்கப்பட்ட ஒரு படம், பின்னாளில் ஐம்பத்தோராம் படம் என்று உலகப் புகழ் பெற்றது. அறுபது மணி நேரத்திற்கும் மேலாக ஓர் இழையின்மீது கதிரைப் பாய்ச்சி எடுத்த படம் அது. அதன் நடுவே கரும்புள்ளிகள் பெருக்கற் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. கற்றறிந்தார் கண்ணுக்கு அக்குறி சுருள் வடிவத்தின் முத்திரையாகும். அளவுகளும் அப்படத்திலேயே அடங்கியிருந்தன. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். டி. என். ஏ. சுருள் 34 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு முறை முழுச் சுற்றுச் சுற்றுகின்றது; ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 3.4 ஆங்ஸ்ட்ராம், ஆகவே ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள்.

நூலேணியின் இரகசியம்

ரோஸலிண்ட் இப்படத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, புள்ளிகள் மிகுந்த ஏ வடிவத்தின் கணக்குகளில் பல மாதங்கள் ஆழ்ந்தார். எல்லா அளவுகளும் ஒத்து வரும் வரையில் முடிவு கூறலாகாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை அவரைச் சற்றுத் தாமதப்படுத்திற்று என்பதையும் மறைத்தற்கில்லை. ஏ வடிவம் சுருள்தானா என்று அவரே சில காலம் ஐயுற்றதும் உண்டு.

இதற்கிடையில் கிங்ஸ் கல்லூரியை விட்டு பிர்க்பெக் கல்லூரிக்கு மாற அவர் முடிவு செய்தார். அவருடைய படங்கள் கல்லூரியில் தங்க வேண்டியவை ஆதலின், ஐம்பத்தோராம் படம் காஸ்லிங் வழியே வில்கின்ஸ் கைக்கு வந்தது. 1953 ஜனவரி 30 ஆம் நாள், வில்கின்ஸ் அதனை வாட்சனுக்குக் காட்டினார். ரோஸலிண்டிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. அடுத்த மாதம், அவருடைய அளவுகள் அடங்கிய கல்லூரி அறிக்கை ஒன்று மாக்ஸ் பெருட்ஸ் என்பவர் மூலம் கேம்பிரிட்ஜ் அறிஞர் கைக்குச் சென்றது. அவ்வறிக்கை இரகசியம் என்று முத்திரையிடப்பட்டதன்று. எனினும் தம் கணக்கு அங்கே பயன்படுகின்றது என்பது உரியவருக்குத் தெரியாது. அறிக்கையிற் கண்ட படிக அமைப்பின் குறிப்பிலிருந்து, இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும் என்று கிரிக் உணர்ந்தார்.

1953 பிப்ரவரி 28 ஆம் நாள் வாட்சனும் கிரிக்கும் விடையைக் கண்டனர். டி. என். ஏ. முறுக்கிய நூலேணி போன்றது. இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி அமைந்தவை; ரோஸலிண்ட் கூறியபடியே பாஸ்பேட் வெளிப்புறத்தில் உள்ளது. நடுவிலுள்ள படிகள் நால்வகை மூலங்களால் ஆனவை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடு மட்டுமே இணையும். குவானைன் சைட்டோசினோடு மட்டுமே இணையும். வேறு சேர்க்கை பொருந்தாது. இந்நான்கன் அளவுகளிலும் இவ்விரண்டிரண்டு சமமாக இருத்தலை எர்வின் சார்காப் என்பவர் முன்னரே கண்டு கூறியிருந்தார். அதன் காரணம் இப்போது புலனாயிற்று.

அன்பர்களே, நகலெடுக்கும் இரகசியம் இவ்விணைப்பிலேயே அடங்கியுள்ளது. இரசீதும் அடிக்கட்டையும் பிரிக்கப்பட்ட பின்னும், அடிக்கட்டை கையிலிருந்தால் இரசீதில் என்ன எழுதியிருந்தது என்று கூறிவிடலாம். இரசீது கையிலிருந்தால் அடிக்கட்டையை மீண்டும் எழுதிவிடலாம். நூலேணியும் அவ்வாறே நடுவே பிரிகின்றது. பிரிந்த ஒவ்வொரு கயிற்றிலும் அடினைன் நிற்குமிடத்தில் தைமினும், குவானைன் நிற்குமிடத்தில் சைட்டோசினும் வந்து அமர்கின்றன. ஒரேணி இரண்டேணியாகி விடுகின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி பழையது. மறு பாதி புதியது. பின்னர் அவை குரோமோசோம்களாகத் திரண்டு, சரி பாதியாகப் பகிர்ந்து இழுக்கப்பட, உயிரணு நடுவே இடுங்கி இரண்டாகின்றது.

மனித உயிரணு ஒன்றில் இத்தகைய படிகள் ஏறத்தாழ 600 கோடி. இத்தனையும் சில மணி நேரத்தில் நகலாகின்றன. ஒரே முனையிலிருந்து தொடங்காமல், பல்லாயிரம் இடங்களில் ஒரே காலத்தில் வேலை தொடங்குவதே அதற்குக் காரணம். நகலெடுக்கும் நொதிகள் தாம் அமர்த்தியது சரியா என்று பார்த்துப் பிழையைத் திருத்தவும் செய்கின்றன. நூறு கோடிப் படிகளுக்கு ஒரு பிழை எஞ்சுதல்கூட அரிது. எம் போன்ற குமாஸ்தாக்கள் தலை வணங்க வேண்டிய துப்புரவு அது!

1953 ஏப்ரல் 25 ஆம் நாள் நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதலாவது வாட்சன், கிரிக் எழுதியது. இரண்டாவது வில்கின்ஸ் குழுவினருடையது. மூன்றாவது பிராங்க்ளின், காஸ்லிங் எழுதியது. அடிப்படையாய் அமைந்த அளவுகள் கடைசியில் நிற்க, படிப்போர் அவற்றைக் கண்டுபிடிப்புக்குப் பின் வந்த சான்று என்றே கொண்டனர். உண்மையில், இரு வடிவங்களும் இரட்டை இழையே என்ற முடிவுக்கு ரோஸலிண்ட் பிப்ரவரி இறுதியிலேயே வந்திருந்தார் என்பதை அவருடைய குறிப்பேடு காட்டுகின்றது. விடைக்கு இரண்டடி தொலைவில் அவர் நின்றார். கேம்பிரிட்ஜ் மாதிரியைக் கண்டபோது பொறாமையின்றி அதனை ஏற்றுக்கொண்டார். தம் படமும் அளவுகளும் அதற்கு எவ்வளவு உதவின என்பதை அவர் முழுதும் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

பிர்க்பெக்கும் இறுதி ஆண்டுகளும்

பிர்க்பெக் கல்லூரியில் ஜே. டி. பெர்னால் என்னும் பேரறிஞரின் கீழ் அவர் புதுப் பணி தொடங்கினார். எக்ஸ்ரே கலையை உயிர்ப் பொருள்களின்பாற் செலுத்திய முன்னோடிகளுள் பெர்னால் ஒருவர். அவர் சென்னைக்கு வந்தபோது அளித்த ஊக்கத்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் இதே கலையைக் கொண்டு, நம் தோலுக்கும் தசைநாருக்கும் உரம் தரும் கொலாஜன் என்ற புரதம் முப்புரியாய் அமைந்தது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954 ஆம் ஆண்டு வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

ரோஸலிண்ட் இப்போது எடுத்துக்கொண்டது புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ். அது உட்புழையுடைய குழல் போன்றது என்பதையும், அதன் புரதச் சுவரினுள்ளே நியூக்ளிக் அமிலம் சுருளாய்ப் பதிந்துள்ளது என்பதையும் அவரும் அவர் குழுவினரும் நிறுவினர். ஆரோன் க்ளூக், கென்னத் ஹோம்ஸ், ஜான் பின்ச் முதலிய இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து பணியாற்றினர். கிங்ஸ் கல்லூரியில் எவரோடும் ஒட்டாதவர் என்று பெயர் பெற்றவர், இங்கே அன்புள்ள தலைவியாய் விளங்கினார். தம் குழுவினருக்குப் பொருளுதவி பெற்றுத் தர இடைவிடாது போராடினார். கிரிக் குடும்பத்தினரோடும் நல்ல நட்புப் பூண்டார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

1956 ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தின்போது வயிற்றில் வலி கண்டது. தாயகம் திரும்பிச் சோதித்தபோது சூலகத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. உயிரணு பிரிவது வாழ்வுக்கு இன்றியமையாதது. ஆயினும் பிரிய வேண்டிய நேரத்தில் பிரிந்து, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்றல் வேண்டும். நகலெடுக்கும் வேலை கட்டுப்பாட்டை இழந்து ஓயாது பெருகுவதே புற்றுநோய். எவ்விரகசியத்தை அறிவதற்கு அவர் கண் விழித்து உழைத்தாரோ, அதன் பிறழ்ச்சியே அவர் உயிரைக் குடித்தது என்று எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

அறுவைச் சிகிச்சைகளுக்கிடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அவர் சோதனைச் சாலைக்குச் சென்றார். உடல் நலிந்த காலத்தும் கட்டுரைகள் வெளிவந்தவண்ணம் இருந்தன. இளம்பிள்ளை வாதத்தை விளைக்கும் போலியோ வைரஸ் பற்றிய ஆராய்ச்சியையும் தொடங்கி வைத்தார். 1958 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். வயது முப்பத்தேழு. அதற்கு மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அவர் அமைத்துத் தந்த புகையிலை வைரஸின் பெரிய மாதிரி அங்கே நின்றது, அமைத்தவர் இல்லை. அவருடைய கல்லறைக் கல்லில் வைரஸ் ஆராய்ச்சியின் பெருமை பொறிக்கப்பட்டுள்ளது. டி. என். ஏ. என்ற சொல் அதில் இல்லை.

அதே 1958 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மெசல்சன், ஸ்டால் என்னும் இருவர், நகலெடுப்பு முறையை ஐயமற மெய்ப்பித்த சோதனையை வெளியிட்டனர். கனமான நைட்ரஜனை உணவாக ஊட்டி வளர்த்த பாக்டீரியாக்களைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினர். ஒரு முறை பிரிந்ததும் டி. என். ஏ. முழுவதும் கனத்திற்கும் இலேசுக்கும் நடுவாக நின்றது. இரண்டாம் முறை பிரிந்ததும் பாதி நடுவாகவும் பாதி இலேசாகவும் அமைந்தது. ஒவ்வொரு நகலிலும் பழையது ஒரு பாதி, புதியது ஒரு பாதி என்பது உறுதியாயிற்று.

பெயர் எழுதிய கதை

1962 ஆம் ஆண்டு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மறைந்தவருக்கு அப்பரிசு வழங்கும் மரபு இல்லை. 1968 ஆம் ஆண்டு வாட்சன் எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. அதில் ரோஸலிண்ட் கடுகடுத்த பெண்ணாகச் சித்திரிக்கப்பட்டார். அவர் பெருமையை ஒப்புக்கொள்ளும் சில பக்கங்கள் நூலின் இறுதியில்தான் வந்தன. படத்தைத் தமக்கு யார் காட்டினார் என்பதையும் வாட்சன் அந்நூலிலேயே எழுதினார். உலகம் உண்மையை அறிந்தது அவ்வாறே. தோழி ஆன் செய்ர் மனம் பொறாது, 1975 ஆம் ஆண்டு ரோஸலிண்டின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அதன் பின்னரே பழைய கடிதங்களும் குறிப்பேடுகளும் ஒவ்வொன்றாய்த் திறக்கப்பட்டன.

ரோஸலிண்டிடம் பயின்ற பணியைத் தொடர்ந்த ஆரோன் க்ளூக் 1982 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். கிங்ஸ் கல்லூரியின் கட்டடம் ஒன்று இன்று பிராங்க்ளின், வில்கின்ஸ் இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கின்றது. செவ்வாய்க் கிரகத்தை ஆராய ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அமைத்த ஊர்திக்கு 2019 ஆம் ஆண்டு ரோஸலிண்ட் பிராங்க்ளின் என்று பெயர் சூட்டினர்.

இனி எம் நண்பரின் கேள்விக்கு வருவோம். உழைத்தால் பெயர் வருமா? எப்போதும் வருவதில்லை, உரிய காலத்தில் வருவதில்லை. ஒருவர் போட்ட கணக்கின் அடியில் மற்றொருவர் கையொப்பம் வீழ்வதை அலுவலக வாழ்வில் யாமும் கண்டுள்ளோம். ஆகவே இனிப்பான பொய்யை அவருக்குக் கூற மாட்டோம். ஆனால் ரோஸலிண்ட் பெயருக்காக உழைத்தவர் அல்லர். அளவு சரியாயிருக்க வேண்டும் என்பதற்காக உழைத்தார், அவ்வுழைப்பில் மகிழ்ந்தார். சரியான அளவை எவரும் அழிக்க இயலவில்லை. இருபது ஆண்டு கழித்து மக்கள் தேடியபோது, உண்மை அவருடைய குறிப்பேட்டிலேயே அவர் கையெழுத்தில் காத்திருந்தது.

உழைப்பது அவர் கடமை. பெயரை மறவாது எழுதி வைப்பது மற்றவர் கடமை. அவர் தம் கடமையிற் பிழைத்தாரில்லை. பிழைத்தவர் மற்றவரே. நம் பெண்கள் படித்து முன்னேறும்போது நாம் செய்ய வேண்டுவது இதுதான்: தடுத்து வீட்டில் இருத்துவதன்று, அவர்கள் செய்த வேலையை அவர்கள் பெயராலேயே சொல்லும் வழக்கத்தை, நம் இல்லத்திலும் அலுவலகத்திலும் இன்றே தொடங்குதல்.

ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழி சூழ வாழும் நம் குழந்தைகளிடமும் பாதி நம் முன்னோர் தந்தது. மறு பாதி அவர்களே புதிதாய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. பழைய பாதியை நாம் சங்கம் வைத்துக் காக்கின்றோம். புதிய பாதிக்கு இடம் விடுவதும் நம் பொறுப்பன்றோ? அத்தந்தையார் இம்மலரைப் படிப்பார் என்பதை யாம் அறிவோம். கல்லூரி விண்ணப்பத்திற்கு இன்னும் நாள் இருக்கின்றது. அவர் மீண்டும் எம் இல்லம் வருவாராயின், அன்று கூறாத விடையை இம்முறை தயங்காது கூறுவோம்.

செல்வி ரோஸலிண்ட் பிராங்க்ளின் புகழ் வாழ்க! நம் சங்கம் வளர்க!